அந்தப் புள்ளிக்கோட்டை வரைந்தது யார்?

2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போஸான் என்ற அடிப்படைத் துகள் பற்றிய அறிவிப்பு வந்தபோது, கூடவே ஒரு படமும் உலகம் முழுக்கச் சுற்றியது. புரோட்டான்களை மோதவிட்டு ஆராயும் ஐரோப்பிய ஆய்வகமான செர்னின் சிஎம்எஸ் குழு வெளியிட்ட படம். நடுவிலிருந்து கொத்தாகக் கிளம்பும் மெல்லிய வளைந்த கோடுகள். அந்தக் கூட்டத்தில் சேராமல் தனியே விலகிப் போகும் இரண்டு மஞ்சள் புள்ளிக்கோடுகள். அவை முடிகிற இடத்தில் ஓங்கி நிற்கும் இரண்டு பச்சைத் தூண்கள். ஒரு ஹிக்ஸ் பிறந்து, உடனே இரண்டு ஒளித்துகள்களாக, அதாவது ஃபோட்டான்களாகச் சிதைந்திருக்கலாம் என்று காட்டும் மோதல் அது.

பார்க்க ஒளிப்படம் போலவே இருக்கும். ஆனால் அந்தப் புள்ளிக்கோடுகள் போகும் வழியில், துகள்களைப் பதிவுசெய்யும் கருவியான டிடெக்டர் எதையும் பார்க்கவில்லை. ஃபோட்டானுக்கு மின்னூட்டம் கிடையாது. டிடெக்டரின் உள்வயிற்றில் அடுக்கடுக்காக இருக்கும் சிலிக்கான் தகடுகளில் மின்னூட்டமுள்ள துகள்தான் சுவடு வைக்கும். ஃபோட்டான் அந்தத் தகடுகளைச் சத்தமில்லாமல் கடந்து, வெளியே இருக்கும், ஆற்றலை அளக்கும் கலோரிமீட்டரின் படிகத்தில் மோதி, தன் ஆற்றலை அங்கே கொட்டும். மோதல் நடந்த புள்ளி தெரியும், ஆற்றல் விழுந்த படிகம் தெரியும். இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டது மென்பொருள். முழுக்கோடாக இழுக்காமல் விட்டுவிட்டு வரைந்ததில் ஒரு நேர்மை இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. பார்த்ததும் ஊகித்ததும் ஒரே படத்தில் வரும்போது, இரண்டுக்கும் நடுவே ஏதாவது ஓர் அடையாளம் வேண்டும் இல்லையா?

இப்படிப் படம் வரையும் மென்பொருளை இத்துறையில் ஈவண்ட் டிஸ்ப்ளே என்கிறார்கள். ஈவண்ட் என்றால் ஒரு மோதலின் முழுப் பதிவு. நாளிதழில் வரும் படம் இந்த மென்பொருளின் ஒரு நிறுத்தப்பட்ட நொடி மட்டுமே. உண்மையான வேலை அதைத் திருப்பி, வெட்டி, மறைத்து, மறுபடி காட்டச் சொல்லிப் பார்ப்பதில் இருக்கிறது. அப்படிப் பார்க்கிற கண்ணுக்கு இன்று இருக்கும் முக்கியமான வேலை சந்தேகப்படுவது.

எப்போதும் அப்படி இருக்கவில்லை. ஒரு காலத்தில் கண்தான் அளந்தது, கண்தான் கண்டுபிடித்தது. 1932இல் கார்ல் ஆண்டர்சன் பாசிட்ரானைக் கண்டது, துகள் போன வழி நீர்த்துளித் தடமாகத் தெரியும் மேகக் கலத்தில் எடுத்த ஓர் ஒளிப்படத்தில். கலத்தின் குறுக்கே 6 மில்லிமீட்டர் தடிமனில் ஓர் ஈயத் தகடு. ஒரு தடம் அதைத் துளைத்துப் போகிறது. தகட்டுக்குக் கீழே தடம் மெல்ல வளைகிறது, மேலே அதைவிட இறுக்கமாக வளைகிறது. ஈயத்தைத் துளைத்த துகள் ஆற்றலை இழந்துதான் வெளியே வரும். ஆற்றல் குறைந்தால் காந்தப்புலம் அதை இன்னும் அதிகமாக வளைக்கும். ஆக, துகள் கீழிருந்து மேலே போயிருக்கிறது. போன திசை தெரிந்துவிட்டால், எந்தப் பக்கம் வளைகிறது என்பதை வைத்து மின்னூட்டம் நேர் என்று சொல்லிவிடலாம். எலக்ட்ரானைப் போலவே லேசானது, ஆனால் நேர் மின்னூட்டம். ஒரே படம், இரண்டு வளைவுகளை ஒப்பிட்ட ஒரு பார்வை, ஒரு புதிய துகள்.

பிறகு, துகள் போன வழியில் திரவத்தில் குமிழிகள் எழும் குமிழிக் கலங்கள் வந்து லட்சக்கணக்கில் படங்களைக் குவித்தன. ஒளிமேசையில் ஃபிலிமை வைத்து, ஒவ்வொரு படமாகத் தடங்களைத் தேடிக் குறித்தவர்கள் ஸ்கேனர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இத்துறையின் வரலாற்றில் அவர்கள் பெயர்கள் போதுமான அளவு எழுதப்படவில்லை. நடுநிலை மின்னோட்டம் என்ற வினைக்கு 1973இல் செர்னின் கார்கமெல் குமிழிக் கலம் தந்த முக்கியச் சான்றுகளில் ஒன்று, ஒரே ஓர் எலக்ட்ரான் தடம் மட்டும் தெரிந்த படம். எதிலும் எளிதில் சிக்காத, மின்னூட்டமற்ற துகளான நியூட்ரினோ வந்து எலக்ட்ரானைத் தள்ளிவிட்டுத் தான் நியூட்ரினோவாகவே போய்விட்டது என்று அதற்குப் பொருள். அப்படி ஒரு படத்தை எடுத்துத் தர, யாரோ ஒருவர் குவியல் குவியலாக ஒன்றுமில்லாத படங்களையும் பொறுமையாகப் பார்த்திருக்க வேண்டும்.

1968இல் ஜார்ஜ் ஷார்பக் உருவாக்கிய பல்கம்பிக் கலம் இந்த உலகத்தை மாற்றியது. துகள் எந்தக் கம்பிக்கு அருகே போனது என்பது மின் சமிக்ஞையாகவே கிடைத்தது. ஃபிலிம் போய்விட்டது, கூடவே படமும் போய்விட்டது. கையில் இருந்தது எண்கள் மட்டும். அந்த எண்களிலிருந்து படத்தைத் திரும்ப வரவழைக்க வேண்டிய தேவையில்தான் கணினி ஈவண்ட் டிஸ்ப்ளே வளர்ந்தது. 1983இல் செர்னின் யுஏ1 குழு டபிள்யூ போஸானை அறிவித்தபோது அவர்களிடம் இருந்தது ஆறே ஆறு மோதல்கள். ஆறையும் திரையில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க முடிந்தது: ஒரு பக்கம் தனித்து ஓடும் எலக்ட்ரான், எதிர்ப்பக்கம் ஒன்றுமே இல்லாத வெறுமை. அந்த வெறுமைதான் கண்ணுக்குப் படாமல் தப்பிப்போன நியூட்ரினோ.

இன்றைய கணக்கு வேறு. செர்னின் 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான் கொத்துகள் நொடிக்கு சுமார் 4 கோடி முறை ஒன்றையொன்று கடக்கின்றன. அவற்றில் ஆயிரம் அளவில்தான் சேமிக்கப்படுகின்றன. அப்படியும் சேர்ந்துவிடுவது நூற்றுக்கணக்கான கோடி ஈவண்ட்கள். எந்த மனிதராலும் அத்தனையையும் பார்க்க முடியாது. ஹிக்ஸ் கூட ஒரு படத்தில் சிக்கவில்லை. துகளின் நிறையை இத்துறையில் ஆற்றல் அலகான கிகா எலக்ட்ரான்வோல்ட்டில் சொல்வார்கள்; 125 கிகா எலக்ட்ரான்வோல்ட் அருகே, ஈவண்ட்களை எண்ணி வரைந்த வரைபடத்தில் எழுந்த ஒரு சின்ன மேட்டில்தான் அது தெரிந்தது. அப்புறம் எதற்கு இன்னும் இந்தப் படங்கள்?

அதைச் சொல்ல, ஒரு ஈவண்ட்டைத் திறந்தே பார்க்கலாம். செர்ன் 2014 நவம்பரில் தன் திறந்த தரவுத் தளத்தைத் தொடங்கியது. சிஎம்எஸ் பதிவுசெய்த உண்மையான மோதல்கள் அங்கே யாருக்கும் கிடைக்கின்றன. அவற்றைப் பார்க்க ஐஸ்பை என்ற மென்பொருள் இருக்கிறது. நிறுவ வேண்டியது எதுவும் இல்லை, பிரவுசரிலேயே ஓடும். ஈவண்ட் கோப்பைப் பிரித்துப் பார்த்தால் மாயம் ஒன்றும் இல்லை: சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் கோப்பு, அதற்குள் எழுத்தும் எண்ணுமாகப் பட்டியல்கள். இந்தத் தடம் இந்த இடத்தில் தொடங்கி இந்தத் திசையில் போகிறது, இந்தப் படிகத்தில் இவ்வளவு ஆற்றல் விழுந்தது, இதுதான் அந்தப் படிகத்தின் எட்டு மூலைகள். அவ்வளவே.

எலக்ட்ரானின் கனமான உறவினரான மியூவான்கள் இரண்டு வந்த ஒரு ஈவண்ட்டைத் திறக்கிறோம் என்று வையுங்கள். முதலில் தெரிவது ஒரு நூல்பந்து. உள்ளே மஞ்சள் தடங்கள் பின்னிக்கிடக்கும். அவற்றில் நிறைய சுருண்டுகொண்டே போகும். காரணம் எளிது. சிஎம்எஸ் காந்தத்தின் புலம் 3.8 டெஸ்லா. அதில் 1 கிகா எலக்ட்ரான்வோல்ட் குறுக்கு உந்தம் (கற்றைக்குக் குறுக்கான திசையில் உள்ள உந்தம்) கொண்ட துகள் சுமார் 88 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டமடிக்கும். உந்தம் சுமார் 0.7க்குக் கீழே போனால், 1.3 மீட்டர் தள்ளி இருக்கும் கலோரிமீட்டரை எட்டாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். திரையில் இரைச்சலாகத் தெரிவது பெரும்பாலும் இவைதான்.

சரி, இவற்றை மறைத்துவிடலாம். இவ்வளவு உந்தத்துக்குக் கீழே இருப்பதைக் காட்டாதே என்று ஒரு வரம்பு வைத்தால் போதும். வரம்பை மெல்ல உயர்த்தும்போது நூல்பந்து இழை இழையாகக் கரையும். கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய நேராக ஓடும் இரண்டு கோடுகள். அவை கலோரிமீட்டரைத் துளைத்து, காந்தத்தையும் தாண்டி, வெளி அடுக்கில் இருக்கும் மியூவான் கலங்கள் வரை போய் நிற்கும். இந்த டிடெக்டரில் அவ்வளவு தூரம் போகிற துகள் ஏறக்குறைய மியூவான் மட்டுமே. காந்தத்தைத் தாண்டியதும் தடம் எதிர்ப்பக்கம் வளைவதையும் பார்க்கலாம், ஏனென்றால் வெளியே உள்ள இரும்பில் காந்தப்புலம் திரும்பி வருகிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்து போகிற இந்த விஷயம், திரையில் ஒரு எஸ் வடிவமாகக் கண்முன் நிற்கும்போது மனதில் தங்கிவிடுகிறது. எனக்கு அப்படித்தான் தங்கியது.

இப்போது மவுஸைப் பிடித்து இழுத்து, கற்றை வரும் திசையிலிருந்தே பாருங்கள். உருளை வட்டமாகிவிடும். வட்டத்தில் எல்லாம் சமமாக இருக்க வேண்டும்: ஒரு பக்கம் போன உந்தத்துக்கு ஈடாக மறுபக்கமும் ஏதாவது போயிருக்க வேண்டும். ஈடில்லை என்றால், காணாமல் போன அளவை மென்பொருள் ஓர் அம்பாகப் போடும். யுஏ1 காலத்து வெறுமை இன்று அம்பு. பக்கவாட்டில் பார்த்தால் வேறொன்று தெரியும்: கற்றையின் நீளவாக்கில் சில சென்டிமீட்டருக்குள் வரிசையாகப் பல மோதல் புள்ளிகள். ஒரு கொத்து இன்னொன்றைக் கடக்கும்போது நடப்பது ஒரே மோதல் இல்லை. இப்போதெல்லாம் ஐம்பது அறுபது வரை ஒரே நேரத்தில் நடக்கின்றன. நம் இரண்டு மியூவான்களும் ஒரே புள்ளியிலிருந்துதான் வந்தனவா என்பது, பெரிதாக்கிப் பார்க்காமல் தெரியாது.

முப்பரிமாணப் படம் அழகு. ஆனால் அளக்க அது உதவாது. அருகில் இருப்பது பெரிதாகவும் தொலைவில் இருப்பது சிறிதாகவும் தெரிவதால் கோணங்கள் பொய் சொல்லும். அதனால் ஒப்பிட வேண்டும் என்றால், தொலைவுக்கேற்ப அளவு மாறாத தட்டைப் பார்வைக்கு மாறிக்கொள்வார்கள். கலோரிமீட்டர் உருளையை ஒரு பக்கமாக வெட்டி விரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் விழுந்த ஆற்றலைத் தூணாக நிறுத்தும் பார்வையும் உண்டு. லெகோ பிளாட் என்பார்கள். புரோட்டானுக்குள் இருக்கும் துகள்களான குவார்க்கோ குளுவானோ தெறித்துப் போன இடத்தில் துகள்கள் மழையாகக் கொட்டும். அந்த ஜெட் இந்தப் பார்வையில் கட்டடக் கூட்டம்போலத் தனியே தெரியும். செர்னின் முந்தைய வளையமான லெப்பில் இயங்கிய அலெஃப் குழு, டாலி என்ற தன் மென்பொருளில் மீன்கண் பார்வையைக் கொண்டுவந்தது. உள்ளே இருக்கும் சின்ன, நுணுக்கமான அடுக்குகளைப் பெரிதாக்கி, வெளியே இருக்கும் பெரிய அடுக்குகளைச் சுருக்கும் பார்வை. நேர்கோடு வளைந்து தெரிவது அதன் விலை. ஆனால் ஒரே திரையில் இரண்டையும் பார்க்க வேறு வழியில்லை.

இனி, சந்தேகப்படும் வேலைக்கு வருகிறேன். 2009 கடைசியில் மோதல்கள் தொடங்கியபோது, சிஎம்எஸ் படிகக் கலோரிமீட்டரில் விசித்திரமான சமிக்ஞைகள் வந்தன. ஒரே ஒரு படிகத்தில் பெரிய ஆற்றல், அக்கம்பக்கத்தில் ஒன்றுமில்லை. எண்ணாகப் பார்த்தால் நல்ல ஃபோட்டான். தூணாக வரைந்து பார்த்தால் உடனே உறுத்தும்: வெட்டவெளியில் நட்ட கம்பம் மாதிரி தனியே நிற்கும். உண்மையான ஃபோட்டான் படிகத்தில் மோதினால் ஆற்றல் நடுவில் பெரும்பங்கும், மிச்சம் அடுத்தடுத்த படிகங்களிலும் சிந்தும். கம்பத்தைச் சுற்றிக் குட்டைத் தூண்கள் கட்டாயம் இருக்கும். காரணத்தைத் தேடியபோது, படிகத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் ஒளியுணரும் சில்லிலேயே துகள் நேராக மோதுவதுதான் அந்தப் போலிச் சமிக்ஞை என்று தெரிந்தது. இவற்றுக்கு ஸ்பைக் என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஒரு சின்ன விதி வந்தது: நடுப்படிகத்தின் ஆற்றலோடு அதன் நான்கு பக்கத்து அண்டைப் படிகங்களின் ஆற்றலை ஒப்பிடு, அண்டையில் ஒன்றுமில்லை என்றால் தள்ளிவிடு. கூட்டல் குறி போல இருப்பதால் அதற்கு ஸ்விஸ் கிராஸ் என்று பெயர். ஃபோட்டானைத் தேடும் ஆய்வுக்கு இந்த வடிகட்டல் இல்லாமல் முடியாது.

இந்த வகை வேலைக்குப் புள்ளிவிவரம் மட்டும் போதாது என்பது என் உறுதியான எண்ணம். வரைபடத்தில் ஸ்பைக் ஓர் எண்ணாக மற்ற எண்களோடு கலந்துவிடும். எதைக் கேட்க வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்தால்தான் வரைபடம் பதில் சொல்லும். கேள்வியே தோன்றாத இடத்தில், படம் உறுத்தும். அதனால்தான் இன்றும் அரிய மோதல்களைத் தேடும் குழுக்கள், கடைசியில் மிஞ்சிய விரல்விட்டு எண்ணக்கூடிய ஈவண்ட்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறார்கள். கட்டுப்பாட்டு அறைச் சுவரில் நேரடியாக ஓடும் ஈவண்ட் திரையும் அதற்குத்தான். ஒரு பகுதி முழுக்க இருட்டாகக் கிடந்தால், அங்கே மின்சாரம் போய்விட்டது என்று எண்கள் சொல்வதற்கு முன்பே கண் சொல்லிவிடும்.

ஆனால் இதே கண்ணை ஏமாற்றுவதும் இந்தப் படங்களுக்குச் சுலபம். பத்துக் கோடிக்கும் மேல் பிக்சல்கள் உள்ள உள்ளடுக்கில், தொடப்பட்ட பிக்சல்கள் வெறும் புள்ளிகள். எந்தப் புள்ளியை எதோடு சேர்ப்பது என்று ஒரு நிரல் முடிவு செய்த பிறகே கோடு பிறக்கிறது. முடிவு தவறாக இருந்தாலும் கோடு அதே பளபளப்போடு தெரியும். அதனால், கோட்டை மட்டும் பார்க்காமல் அதற்கு அடியில் இருக்கும் புள்ளிகளையும் காட்டச் சொல்லிப் பார்ப்பது நல்ல பழக்கம். நிறங்களும் அப்படியே. மியூவானுக்குச் சிவப்பு என்பது மனிதர் வைத்த வழக்கம், வேறு குழு வேறு நிறம் வைக்கும்.

அளவும் ஏமாற்றும். 100 கிகா எலக்ட்ரான்வோல்ட் உந்தம் உள்ள ஒரு மியூவான் சிஎம்எஸ் காந்தத்தில் சுமார் 88 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போகும். தடம் அளக்கும் உள்ளடுக்கின் 1.1 மீட்டர் ஓட்டத்தில் அது நேர்கோட்டிலிருந்து விலகுவது 1.7 மில்லிமீட்டர். அந்த 1.1 மீட்டரைத் திரையில் 500 பிக்சலாக வரைந்தால், வளைவு ஒரு பிக்சலுக்கும் குறைவு. திரை அதை நேர்கோடு என்று சொல்லும். டிடெக்டரோ நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவுக்கு நுட்பமாக அளந்து, உந்தத்தையும் மின்னூட்டத்தையும் சொல்லிவிடும். இங்கே ஆண்டர்சனைப் போலக் கண்ணால் வளைவைப் படிக்கப் பார்ப்பது வீண். பக்கத்தில் இருக்கும் அட்டவணையைத்தான் படிக்க வேண்டும்.

முன்பு ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனி மென்பொருள் இருந்தது: செர்னின் இன்னொரு பெரிய டிடெக்டரான அட்லஸுக்கு அட்லாண்டிஸும் விபி1உம், சிஎம்எஸுக்கு ஃபயர்வொர்க்ஸ். பெரும்பாலும் குழுவின் மொத்த நிரல் தொகுப்பையும் நிறுவினால்தான் ஓடும். 2011இல் வெப்ஜிஎல் வந்து, பிரவுசரே முப்பரிமாணம் வரையத் தொடங்கியதும் நிலைமை மாறியது. இன்று ஃபீனிக்ஸ் என்ற பொது மென்பொருளை அட்லஸ், எல்எச்சிபி உள்ளிட்ட குழுக்கள் பயன்படுத்துகின்றன. மாஸ்டர்கிளாஸ் என்ற பெயரில் நடக்கும் வகுப்புகளில் பள்ளி மாணவர்கள் உண்மையான மோதல்களைத் திறந்து, இது டபிள்யூ, இது இசட் என்று பிரிக்கிறார்கள். முதல் பத்து ஈவண்ட்டில் தடுமாறிவிட்டு, இருபதாவதில் "இது எலக்ட்ரான் இல்லை, தடமே வரவில்லையே" என்று சொல்லும் மாணவர், ஸ்பைக்கைப் பார்த்து முகம் சுளித்தவர்களின் வேலையைத்தான் செய்கிறார்.

இந்தப் படங்கள் பெரும்பாலும் மறைத்துவிடுவது ஒன்று உண்டு: நேரம். ஒளி 25 நானோ விநாடியில் போகும் தூரம் 7.5 மீட்டர். அட்லஸ் டிடெக்டரின் குறுக்களவு 25 மீட்டர். நடுவிலிருந்து வெளி ஓரத்துக்கு ஒரு மியூவான் போய்ச் சேர 40 நானோ விநாடிக்கு மேல் ஆகும். கொத்துகள் 25 நானோ விநாடிக்கு ஒருமுறை கடக்கின்றன. அதாவது, இந்த மியூவான் வழியில் இருக்கும்போதே நடுவில் அடுத்த மோதல் நடந்து முடிந்துவிடுகிறது. படத்தில் எல்லாம் ஒரே கணம் போலத் தெரிவது, வெவ்வேறு நேரத்துப் பதிவுகளைச் சரியான மோதலோடு கோத்துக் கொடுத்ததால்தான்.

வேறு டிடெக்டர்களில் நேரம்தான் படமே. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே 50,000 டன் தண்ணீர் நிரம்பிய தொட்டி. உட்சுவரில் 11,000க்கும் மேற்பட்ட ஒளிக்குழாய்கள். தொட்டியை வெட்டி விரித்த படத்தில், நியூட்ரினோ உண்டாக்கிய துகள் ஒரு வளையமாகத் தெரியும்: மியூவான் என்றால் ஓரம் கூர்மை, எலக்ட்ரான் என்றால் ஓரம் கலைந்திருக்கும். எந்தக் குழாய் முதலில் ஒளியைக் கண்டது என்பதை வைத்தே துகள் கிளம்பிய இடத்தைக் கணிக்கிறார்கள். தென்துருவப் பனிக்குள் 86 கம்பிகளில் 5,160 உணரிகளைத் தொங்கவிட்டிருக்கும் ஐஸ்க்யூப்பின் பல படங்களில், முதலில் விழித்த உணரி சிவப்பு, கடைசியில் விழித்தது நீலம். உருண்டையின் பருமன், விழுந்த ஒளியின் அளவு. 2017 செப்டம்பர் 22 அன்று வந்த ஒரு நியூட்ரினோவின் படத்தில், உருண்டைகள் நேர வரிசையில் நிறம் மாறி ஒரு நீண்ட கோடாக ஓடின. அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டியபோது வானத்தில் டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற தொலைதூர விண்மீன் மண்டலம் இருந்தது.

மோதல் டிடெக்டர்களும் இப்போது அந்தப் பக்கம் வருகின்றன. செர்ன் வளையத்தின் அடுத்த கட்டத்தில் ஒரு கடப்புக்கு 200 மோதல்கள் வரை நடக்கும். கற்றையின் நீளத்தில் அவை அவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது, எந்தக் கோணத்தில் திருப்பினாலும் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் அவை எல்லாம் ஒரே கணத்தில் நடப்பதில்லை, இருநூறு பிக்கோ விநாடி அளவில் முன்னும் பின்னுமாகச் சிதறி நடக்கின்றன. அட்லஸும் சிஎம்எஸும் சுமார் 30 பிக்கோ விநாடி நுட்பத்தில் நேரம் பார்க்கும் அடுக்குகளைச் சேர்க்கின்றன. அந்தத் தரவை வரையும் திரையில் திருப்பவும் பெரிதாக்கவும் இருக்கும் வசதிகளோடு ஒரு நேரப் பட்டையும் வேண்டியிருக்கும். அதை இடமிருந்து வலமாக இழுக்கும்போது, ஒரே புள்ளிபோலத் தெரிந்த இடத்தில் முதலில் ஒரு மோதல் எழும், அது அடங்கும் முன்பே பக்கத்தில் இன்னொன்று.